இருபத்துநான்கு பைகளை யார் தைப்பது?

(திருவண்ணாமலையில், தையல் பயிற்சி முடித்த பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாழ்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்து ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை கொண்டு வந்திருக்கிறேன்.

சுவரில் தொங்கும் ஒரு துணி. அதில் வரிசையாக இருபத்துநான்கு சின்னப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஓர் எண். டிசம்பர் முதல் தேதி காலையில், ஒன்று என்று தைத்திருக்கும் பைக்குள் வீட்டுக் குழந்தை கையை விடும். ஏதோ ஒன்று கிடைக்கும். மறுநாள் இரண்டாவது பை. இருபத்துநாலாம் தேதி கடைசிப் பை. விடிந்தால் கிறிஸ்துமஸ். இதை அட்வெந்து நாட்காட்டி என்பார்கள். லுத்தரன் சபையார் அட்வெந்து என்றும் கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும் சொல்கிற காத்திருப்பு நாட்களை எண்ணுவதற்கு ஏற்பட்டது.

அண்ணாமலையார் ஊரில் வந்து இதைப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இரண்டு. பண்டிகைக்கு முன்னால் நாளெண்ணுவது எப்படி என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் நான் சொல்வது சட்டென்று புரியும். இன்னொன்று, இதைத் தைக்க உட்கார்ந்தால் ஒரு கேள்வி எழும். அது எல்லா மதத்து வீட்டுக்கும் பொதுவான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இதன் கதையைக் கேளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில், லுத்தரன் குடும்பங்கள் வீட்டுக் கதவில் சாக்குக்கட்டியால் 24 கோடுகள் போட்டு வைப்பார்கள். தினமும் ஒரு கோட்டைக் குழந்தைகள் அழிக்க வேண்டும். கோடு தீர்ந்தால் பண்டிகை. வேறு சில வீடுகளில் நாளுக்கொரு வைக்கோலாகக் குடிலின் தொட்டிலில் போட்டு வருவார்கள். குழந்தை இயேசு பிறக்கும்போது படுக்கை தயாராக இருக்கும். இதற்கெல்லாம் காசு செலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1839-இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற போதகர், ஏழைப் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தை நடத்திக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் தினமும் துளைத்தெடுத்தார்கள். அவர் ஒரு மரச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. நாளுக்கொன்றாக ஏற்றிக்கொண்டே வர, வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. இன்று நம் தேவாலயங்களில் நான்கு மெழுகுவர்த்தியோடு பார்க்கிற அட்வெந்து வளையம் அதிலிருந்து வந்ததுதான்.

அடுத்த கதையில் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் வருகிறார். கெர்ஹார்ட் லாங் என்ற ஜெர்மானியர் 1881-இல் மவுல்பிரோன் என்ற ஊரில் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா 24 சின்ன பிஸ்கட்டுகளை ஓர் அட்டையில் தைத்துக் கொடுத்தாராம். நாளுக்கு ஒன்று எடுத்துத் தின்ன வேண்டும். பையன் வளர்ந்து மியூனிக்கில் அச்சகத் தொழிலில் பங்குதாரரானார். அம்மா செய்ததை நினைவில் வைத்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே நாட்காட்டியை அச்சிட்டு விற்க ஆரம்பித்தார். முதலில் இரண்டு தாள்கள்: ஒன்றிலிருந்து படத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்ட வேண்டும். 1920 வாக்கில் திறக்கும் சின்னக் கதவுகள் வந்தன. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் எல்லாம் நின்று, 1946-இல் ஸ்டுட்கார்ட் நகரில் ரிச்சர்ட் செல்மர் என்பவர் திரும்பத் தொடங்கி வைத்தார். பிறகு கதவுக்குள் சாக்லெட் வந்தது. இன்று அழகுசாதனமும் பொம்மையும் தேயிலைப் பொட்டலமும் போட்டு 24 கதவுகளில் விற்கிறார்கள்.

இந்த நாட்காட்டிக்குத் தந்தை என்று உலகம் கெர்ஹார்ட் லாங்கைச் சொல்கிறது. பிஸ்கட்டைத் தைத்த அம்மா எங்கே போனாள்? கதையில் அவள் வெறும் ‘அவருடைய அம்மா’. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

2022-ஆம் ஆண்டு நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை அண்ணாமலையார் கோயிலில் தீபத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. அதே ஞாயிறுதான் அந்த ஆண்டு அட்வெந்தின் முதல் ஞாயிறு. ஒரே காலையில் கோயிலில் பத்து நாள் எண்ணிக்கையும், தேவாலயங்களில் நான்கு ஞாயிறு எண்ணிக்கையும் தொடங்கின. இது ஆண்டுதோறும் பொருந்தாது. தீபம் கார்த்திகை மாதத்து நட்சத்திரத்தைப் பார்க்கும். அட்வெந்து நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிற்றைப் பிடிக்கும். ஆனால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும்.

நீங்கள் தீபத்துக்கு நாளெண்ணும் அழகைப் பாருங்கள். ‘இன்னும் ஆறு நாள்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘இன்னிக்கு அஞ்சாம் நாள், ராத்திரி வெள்ளி ரிஷபம்’, ‘நாளைக்கு வெள்ளித் தேர்’, ‘ஏழாம் நாள் பெரிய தேர், கடை போட முடியாது’ என்றுதான் பேச்சு. பத்தாம் நாள் விடியலில் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு 2668 அடி உயர மலையின் மேல் மகா தீபம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாகனம், ஒரு வேலை, ஒரு முகம். கோயில் நகரத்துக் குழந்தைக்குக் காத்திருப்பு என்பது வெறுமையான நாட்களாக ஒருபோதும் வருவதில்லை. தீபம் முடிந்து மார்கழி பிறந்தால் முப்பது நாளும் வாசலில் புதுக் கோலம். நேற்றைய கோலத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துத்தான் இன்றைய கோலம். ஜெர்மன் குழந்தைகள் கதவில் அழித்த சாக்குக் கோட்டை, நம் வீட்டுப் பெண்கள் பரங்கிப்பூவோடு வாசலில் போட்டு அழிக்கிறார்கள்.

இந்த ஊரில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் இருக்க முடியாது. 1860-களில் தென் ஆற்காட்டில் வேலை தொடங்கிய டென்மார்க் மிஷனின் வழியில் வந்ததுதான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அந்த டென்மார்க்கில் இன்றும் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, 24 கோடு போட்ட ஒரே மெழுகுவர்த்தி. தினமும் ஒரு கோடு உருகும்வரை எரியவிட்டு அணைப்பார்கள். இன்னொன்று, பூவேலை செய்த நீளத் துணியில் 24 சின்ன வளையங்களைத் தைத்து, வளையத்துக்கு ஒரு பொட்டலமாகக் கட்டித் தொங்கவிடுவது. நான் இன்று சொல்லப்போகிற துணி நாட்காட்டிக்கு அது உறவுக்காரப் பெண். பொட்டலம் கட்ட நேரமில்லாத வீட்டுக்காக வளையத்தைப் பையாக மாற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.

சரி, தைக்க உட்காருவோம்.

அடித்துணிக்குக் காடாத் துணி போதும். மலை மேல் கொப்பரையில் திரியாகப் போடுவதும் காடாதான். ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை உறிஞ்சி எரிய ஆயிரம் மீட்டருக்குக் குறையாமல் அந்தத் துணி ஏறுகிறது. நமக்கு இரண்டே மீட்டர் போதும்: முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்க லைனிங்குக்கு ஒன்று. பன்னா, அதாவது துணியின் அகலம், 36 அங்குலம் இருந்தால் சரி. வெட்டுவதற்கு முன்னால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். காடா சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் பைகள் எல்லாம் கோணிக்கொள்ளும்.

கணக்கு இதுதான். ஒரு வரிசைக்கு ஆறு பை, நான்கு வரிசை. தைத்து முடித்த பை 4 அங்குல அகலம், 5 அங்குல உயரம். பைக்கும் பைக்கும் நடுவே ஒரு அங்குல இடைவெளி. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டால் மொத்த அகலம் 32 அங்குலம். உயரத்தில் மேலே குச்சி நுழைக்கவும் தலைப்புக்கும் 5 அங்குலம், கீழே 2 அங்குலம். மொத்தம் 30 அங்குலம். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டு 33-க்கு 31 என்று வெட்டுங்கள்.

பைத் துணியை 6 அங்குல அகலம், ஆறரை அங்குல உயரமாக வெட்டுங்கள். மேல் ஓரத்தை ஒரு அங்குலம் மடித்து அடித்துவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் அரை அங்குலம் உள்ளே போகும். அகலத்தில் மிஞ்சுகிற ஒரு அங்குலத்தை அடியில் இரண்டு சின்ன பிளீட்டாக மடித்துவிட்டால், பை கொஞ்சம் புடைத்து நிற்கும். தட்டையாகத் தைத்த பையில் ஒரு கடலை மிட்டாய்கூட நுழையாது, அதை மறக்காதீர்கள்.

பைக்குத் துணி எங்கே என்று கேட்க வேண்டாம். நம் வீட்டு பீரோக்களைத் திறந்தால் தெரியும். தாம்பூலத்தோடு வாங்கி, யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்து, கொடுக்காமலே போன ரவிக்கைத் துண்டுகள் எத்தனை! அவற்றோடு பையனுக்குச் சின்னதாகிப்போன யூனிபார்ம் சட்டை, அப்பாவின் வேட்டிக்கரை, தாத்தாவின் துண்டு, கிழிந்த ஆரணிப் பட்டின் முந்தானை. பட்டு நூல் பிரியும். பின்னால் ஒட்டும் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டுவிட்டு வெட்டுங்கள். சிவப்புத் துணியை நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது வெண்மையான காடாவின் பக்கம் வரவே கூடாது.

பயிற்சி முடித்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எண்ணை முதலில் தையுங்கள், பையைப் பிறகு பொருத்துங்கள். அடித்துணியில் பொருத்திய பையின் மேல் பூவேலை போட்டால் ஊசி இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்து, பை வாயை மூடிக்கொள்ளும். எண்ணுக்குச் சங்கிலித் தையலோ காம்புத் தையலோ போதும். விருப்பமிருந்தால் தமிழ் எண்களில் தைக்கலாம்: ௧-இல் தொடங்கி ௨௪ வரை. பள்ளிக்கூடத்தில் மனதில் நிற்காதது டிசம்பர் முடிவதற்குள் குழந்தைக்கு நின்றுவிடும்.

அடித்துணியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டபிறகுதான் பைகளை வைக்க வேண்டும்; கண்ணளவு ஆறாவது பைக்குள் காலை வாரிவிடும். பையின் மேல் முனை இரண்டிலும் மெஷினை முன்னும் பின்னுமாக ஓட்டி முடிச்சிடுங்கள். பிள்ளைகள் கைவிட்டு இழுப்பது அங்கேதான். எல்லாப் பையும் ஏறிய பிறகு லைனிங் வைத்து மூடி, மேலே குச்சி நுழைகிற குழல் அடித்தால் வேலை முடிந்தது.

இனி, உள்ளே என்ன போடுவது? கடையில் விற்கிற நாட்காட்டியில் சாக்லெட் இருக்கும். நம் ஊரில் சாக்லெட் உருகும். உருகாவிட்டால் எறும்பு வரும். மலையடிவாரத்து வீடாக இருந்தால் குரங்கும் வரும். அதற்குத் தேதி கிடையாது, ஒரே நாளில் இருபத்துநான்கையும் திறந்துவிடும். ஆகவே தின்பண்டம் போடுவதாக இருந்தால் அன்று காலையில் போடுங்கள்.

அதைவிட நல்லது, நாட்களுக்கு ஒரு வரிசை கொடுப்பது. குடில் கட்டுகிற வீட்டில் பொம்மைகளைப் பைகளில் பிரித்துப் போடலாம். முதல் நாள் ஓர் ஆடு, பிறகு மாடு, மேய்ப்பர்கள், மரியாள், யோசேப்பு, ஞானிகள் என்று ஒவ்வொருவராக வந்து சேர, 24-ஆம் தேதி இரவு குழந்தை இயேசு. குடில் ஒரே ராத்திரியில் முளைக்காமல் மாதம் முழுக்க வளரும். சில பைகளில் சீட்டு வையுங்கள். ‘இன்று பாட்டிக்குப் போன் போடு.’ ‘சின்னதாகிப்போன சட்டையில் நல்லதாக ஒன்றைத் துவைத்து எடுத்து வை.’ ‘இன்று ராத்திரி வீடு வீடாகக் கேரல் பாடப் போகிறோம், மதியமே தூங்கி எழு.’ காசில்லாத பைகள்தான் மறுநாளும் ஞாபகத்தில் இருக்கும்.

கிறிஸ்தவர் அல்லாத வீட்டுக்கும் இந்தத் துணி ஆகும். பத்துப் பை தைத்தால் தீபத்துக்கு. முப்பது தைத்தால் மார்கழிக்கோ ரமலானுக்கோ. வளைகுடாவில் வேலை பார்க்கும் அப்பா விடுமுறைக்கு வருகிற தேதி தெரிந்துவிட்டால், அதற்கும் எண்ணலாம்.

விற்கவும் செய்யலாம். ரமணாசிரமத்தைச் சுற்றி ஆண்டுக் கடைசியில் வந்து தங்கும் வெளிநாட்டினரில் இதைப் பார்த்ததும் புரிந்துகொள்பவர்கள் உண்டு. ஆனால் நவம்பருக்குள் கடைக்குப் போக வேண்டும். டிசம்பர் பத்தாம் தேதி இதை யாரும் வாங்கமாட்டார்கள். விலை போடும்போது துணிக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். எண் தைக்க ஆன நேரத்தையும் எழுதி வைத்துக் கூட்டுங்கள். பெண்கள் தங்கள் நேரத்துக்கு விலை போட மறந்துவிடுகிறார்கள், மற்றவர்கள் நினைவூட்டுவதுமில்லை.

இங்கேதான் நான் சொன்ன கேள்வி வருகிறது. இருபத்துநான்கு பைகளை யார் தைப்பது?

டிசம்பரில் ஒரு கிறிஸ்தவ வீட்டு அம்மாவின் வேலையை எண்ணிப் பாருங்கள். வீடு வெள்ளையடிப்பு, பலகாரம், பிள்ளைகளுக்குப் புதுத்துணி, வருகிற விருந்தாளி. அவள் தையல்காரியாகவும் இருந்துவிட்டால், கிறிஸ்துமஸ் ரவிக்கைக்கும் புத்தாண்டுச் சுடிதாருக்கும் பொங்கல் பாவாடைக்கும் நடுவே மெஷினை விட்டு எழ முடியாது. அவளிடம் போய், ‘குடும்பத்துக்காக ஒரு நாட்காட்டியும் தைத்துவிடு’ என்று சொல்லவா நான் வந்தேன்? இல்லை.

தமிழ்நாட்டில் கைவேலையின் சரித்திரத்தில், வேலை செய்தவர் யார் என்ற கணக்கு ஏற்கெனவே ஒருமுறை தவறியிருக்கிறது. 1819-இல் சார்ல்ஸ் மால்ட் என்ற மிஷனரி நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலிசாவை மணந்தவர்தான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல். எலிசா கால்டுவெல் அதே லேஸ் வேலையை இடையன்குடி என்ற ஊருக்குக் கொண்டுபோனார். அந்த வேலை ஏழைப் பெண்கள் கையில் காசைக் கொடுத்தது. அது பெரிய காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கண் நோகப் பின்னிய பெண்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? பிஸ்கட் தைத்த அம்மாவின் நிலைதான் அவர்களுக்கும்.

நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. அம்மா துணி வெட்டுகிறாள், தைக்கிறாள், பைகளை நிரப்புகிறாள். பிள்ளைகள் தினமும் காலையில் எழுந்து ஓடுகிறார்கள். அப்பாவும் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் எந்தப் பையிலும் எந்த ஆச்சரியமும் இல்லை. எல்லாப் பையையும் நிரப்புகிறவளுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். காத்திருப்பதற்காக ஏற்பட்ட ஒரு பொருளில், அதைச் செய்தவளுக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. இது அநியாயம். இதற்கு மாற்று இல்லாவிட்டால் கடையில் விற்கிற அட்டையையே வாங்கி மாட்டிவிடலாம் என்பேன்.

மாற்று இருக்கிறது, அது 24 என்ற எண்ணிலேயே இருக்கிறது. அது இரண்டால் வகுபடும், மூன்றால் வகுபடும், நான்கால், ஆறால், எட்டால் வகுபடும். வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு ஆறு பை. மூன்று பேர் என்றால் எட்டு. அவரவர் பைக்கு அவரவர்தான் துணி தேர்ந்தெடுக்க வேண்டும், எண் தைக்க வேண்டும், நிரப்பவும் வேண்டும். தான் நிரப்பிய பையைத் தான் திறக்கக் கூடாது. அன்று இன்னொருவர் முறை. அப்படியானால் அம்மாவுக்கும் வருகிற நாளில் தெரியாத ஒன்று கிடைக்கும்.

‘எனக்குத் தைக்கத் தெரியாது’ என்று வீட்டு ஆண்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கடைத்தெருவில் போய்ப் பாருங்கள், டெய்லர் கடைகளில் மெஷின் மிதிப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று. கூலிக்குத் தைக்கும்போது அது ஆண் வேலை. வீட்டுச் சட்டையில் பட்டன் அறுந்தால் மட்டும் பெண் வேலையாகிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தையால் ஓட்டத் தையல் போட முடியும், பட்டன் தைக்க முடியும். கண் மங்கிய பாட்டியால் ஓரத்தை விரலால் நீவி மடித்துக் கொடுக்க முடியும். மெஷினில் பொருத்துகிற வேலை மட்டும் பயிற்சி முடித்த உங்களுடையது. எண்கள் கோணலாக வரும். வரட்டும். எந்த எண் யார் கை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். குடும்பத்துக்காக ஒருத்தி தைப்பது வேறு. குடும்பமாக உட்கார்ந்து தைப்பது வேறு.

தீபாவளி முடிந்த வாரத்தில் தொடங்குங்கள். வேலையை ஆட்களுக்குப் பிரித்துவிட்டால் நவம்பர் முடிவதற்குள் சுவரில் ஏறிவிடும். ஜனவரியில் துவைத்து மடித்து வையுங்கள், பத்தாண்டு உழைக்கும். பின்பக்க லைனிங்கில், வெளியே தெரியாத இடமாக இருந்தாலும் பரவாயில்லை, தைத்த ஒவ்வொருவரின் பெயரையும் ஆண்டையும் சங்கிலித் தையலில் போடுங்கள். மருமகள் வந்தால், பேரன் பிறந்து ஊசி பிடிக்கிற வயது வந்தால், அடுத்த வரியில் அவர்கள் பெயர். மவுல்பிரோனிலும் இடையன்குடியிலும் எழுதாமல் விட்டதை நாம் நம் வீட்டிலாவது எழுதிவிடுவோம்.

இன்று நீங்கள் வாங்கப்போகிற சான்றிதழில் உங்கள் ஒருவர் பெயர்தான் இருக்கும். வீட்டுக்குப் போனதும் இன்னொருவருக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுங்கள். அவர் உங்கள் வீட்டுக்காரராக இருந்தால், கற்றுக்கொடுத்ததற்கு நான் தனியாக ஒரு சான்றிதழ் தரத் தயார்.